சிட்னியில் நான் வாங்கிக் கொடுத்த சோடா

ஆஸ்திரேலியா போய்விட்டு வந்தேன் என்றதும் எல்லோரும் கங்காரு பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. சிட்னியில் ஒரு கிரிமினல் கேஸில் சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். அதற்கே நேரம் சரியாக இருந்தது.

நான் கும்பகோணத்தில் வக்கீல். மெல்போர்னில் பல நாட்டு வக்கீல்கள் கூடும் மாநாட்டுக்கு எங்கள் பார் அசோசியேஷனிலிருந்து ஒருவர் போகலாம் என்று அழைப்பு வந்தது. சீனியர்களில் ஒருவர் குளிருக்கும் இன்னொருவர் மாட்டிறைச்சிக்கும் பயந்து ஒதுங்கிக்கொண்டதால் அதிர்ஷ்டம் என் பக்கம் திரும்பியது. எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. மேடையில் பேசியதற்காக எங்கள் ஊரில் உள்ளே போனவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் வக்கீல். ஆகவே பேச்சுரிமைக்கு எல்லையே கூடாது என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதை மனைவியிடம் வாசித்துக் காட்டி, அவள் கொட்டாவி விட்ட இடங்களை எல்லாம் வெட்டிவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் சிட்னியில் இறங்கினேன். விமான நிலைய அதிகாரி என் பெட்டியைத் திறந்து நார்த்தங்காய் ஊறுகாயை மோந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் ஊறுகாய்க்கு விசா கிடைக்காது என்று புரிந்துவிட்டது. கண்ணெதிரே குப்பைத்தொட்டியில் விழுந்தது. வெளியே வந்தால் நவம்பர் மாதம் சித்திரை வெயில் கொளுத்துகிறது. சீனியர் சொன்னாரே என்று ஸ்வெட்டரோடு நின்ற என்னைப் பார்த்து, அழைத்துப்போக வந்திருந்த நண்பன் அரசு விழுந்து விழுந்து சிரித்தான்.

அரசு என்கிற திருநாவுக்கரசு யாழ்ப்பாணத்துக்காரன். சென்னையில் நான் சட்டமும் அவன் எஞ்சினியரிங்கும் படித்த காலத்தில் திருவல்லிக்கேணி மெஸ் ஒன்றில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டவர்கள். இப்போது செவன் ஹில்ஸ் என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெயரில்தான் ஏழு குன்று, நான் தேடிப் பார்த்தவரை ஒரு மேடுகூட இல்லை. மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் வீடு அவன் ராஜ்யம்.

"குசினிக்குள்ள வராத மச்சான், நான் சமைக்கிறன்" என்று உள்ளே போனவன், உலர்ந்த தேங்காய்த் துருவலைப் பாலில் ஊறவைத்து ஒரு சம்பல் செய்தான். ரொட்டித் துண்டில் தடவிக் கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. இட்லி நினைப்பு மட்டும் வராமல் சாப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஹாரன் சத்தம். அரசுவின் தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருக்கும் லாஸ்லோ வந்திருந்தார். ஹங்கேரிக்காரர், யூதர், அறுபதை நெருங்கியவர். தலை பளபளவென்று வழுக்கை, புருவம் மட்டும் இரண்டு பேருக்கு வேண்டிய அளவு.

"வக்கீல் வந்திருக்கார்னு அரசு சொன்னான். உங்களுக்குப் பிடிக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஆங்கிலத்தில். அவர் ஆங்கிலம் எனக்கு உடனே புரிந்தது. இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷைதானே.

பாதி வழியில் கார் புகைவிட்டு நின்றது. லாஸ்லோ அலட்டிக்கொள்ளாமல் பின்னாலிருந்து தண்ணீர்க் கேனை எடுத்து ஊற்றினார். நாங்கள் இருவரும் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகத் தள்ளினோம். அந்த நேரத்தில் அரசு என் காதில் சொன்னான்: "லாஸ்லோவின்ர தாய், தகப்பன், தங்கச்சி எல்லாரும் ஹிட்லற்ற முகாமிலதான் போனவை. தங்கச்சிக்கு ஒன்பது வயசு. ஒருதரம்தான் சொன்னவர். நீயும் கேட்டுக்கொண்டு நிக்காத."

போன இடத்தின் பெயர் டொமைன். நகரத்துக்கு நடுவே பெரிய புல்வெளி. ஞாயிற்றுக்கிழமை தோறும் யார் வேண்டுமானாலும் ஓர் ஏணியோ பெட்டியோ கொண்டுவந்து, அதில் ஏறி நின்று, எதை வேண்டுமானாலும் பேசலாம். மைக் இல்லை, போலீஸ் அனுமதி வாங்க வட்டச் செயலாளர் பின்னால் அலைய வேண்டியதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒருவர் பூமி தட்டை என்கிறார். பக்கத்து ஏணியில் ஒருவர், தக்காளி சாப்பிட்டால் பைத்தியம் பிடிக்கும் என்கிறார். மரத்தடியில் ஓர் அம்மாள் இயேசு வரும் தேதியைச் சொல்கிறார். கூட்டத்தில் ஒருவன் "எந்த பஸ்ஸில்?" என்று கேட்கிறான்.

"நான் வந்த வருஷத்திலேருந்து ஒரு ஞாயிறு விட்டதில்லை" என்றார் லாஸ்லோ. "எங்க ஊர்ல இப்படி ஒருத்தன் ஏணில ஏறினா இறங்கறதுக்குள்ள காணாமப் போயிடுவான். தட்டைப் பூமிக்காரர் எனக்கு நண்பர். போன தடவை ஓரத்திலேருந்து கப்பல் ஏன் விழலைன்னு கேட்டேன், இன்னும் பதில் வரலை."

"இவர் கோயிலுக்கும் போறேல்லை, ஒண்டுக்கும் போறேல்லை. இதுதான் இவற்ற கோயில்" என்றான் அரசு.

நான் ஏணி ஏணியாக மேய்ந்துகொண்டே போனதில் ஓர் ஆளிடம் நின்றுவிட்டேன். நாற்பது வயதிருக்கும், கோட்டு, டை, நல்ல கனத்த குரல். விலைவாசி, வேலையில்லாத் திண்டாட்டம், பாங்க்காரர்கள் என்று போய்க்கொண்டிருந்தது பேச்சு. என்ன ஏற்ற இறக்கம்! எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் கைதட்டும் என்று தெரிந்த ஆள். எங்கள் மகாமகக் குளக்கரைக் கூட்டத்தில் ஏற்றிவிட்டால் விடியவிடியப் பேசுவான். ஆனால் தொண்டை கட்டத் தொடங்கிவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பேச்சாளர் இருமினால் கை தானாக சோடாக் கடைக்குப் போகும். பக்கத்து வண்டியில் ஒரு பாட்டில் லெமனேட் வாங்கி, மூடியைத் திறந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஏணிக்காரனிடம் நீட்டினேன். அவன் ஒரு கணம் திகைத்துவிட்டு வாங்கி மடமடவென்று பாதி குடித்தான். எனக்கு மாநிலப் பொதுச்செயலாளருக்கே கொடுத்த திருப்தி.

தொண்டை நனைந்ததும் அவன் விஷயத்துக்கு வந்தான். எல்லா விலையும் ஏறுவது யூதர்களால். முகாம் என்பதெல்லாம் அவர்கள் கட்டிவிட்ட கதை. யாரும் சாகவில்லை, எல்லாம் பணம் பிடுங்கும் நாடகம். அப்படியே போய் இன்னும் ஒரு வரி சொன்னான். அவன் முன்னால் சொன்னதற்கே முரணான வரி. கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் காலை மாற்றி நின்றுகொண்டார்கள். நானும்தான்.

எனக்குப் பின்னால் லாஸ்லோ வந்து நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் கத்தவில்லை. என்னைத் தாண்டிப் போய், ஏணிக்காரன் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக. பிறகு ஏணியில் இரண்டு படி ஏறி, மிச்ச லெமனேட் முழுவதையும் அவன் தலையில் ஊற்றினார். கடைசிச் சொட்டு விழும்வரை பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏணிக்காரன் வழுக்கி இறங்கினான். போலீஸ்காரர்கள் இருவர் ஓடிவந்தார்கள். லாஸ்லோ காலி பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு போனார்.

அரசு தலையில் கை வைத்துக்கொண்டான். "உன்னை ஆர் மச்சான் சோடா குடுக்கச் சொன்னது?"

சாயங்காலமே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். தாக்குதல் குற்றம். கேஸ் அடுத்த வாரம். ஏணிக்காரன் மேல்? ஒன்றும் இல்லை. பேசியது குற்றம் என்று இந்த மாகாணத்தில் சட்டம் கிடையாது என்றார் போலீஸ்காரர். என் கட்டுரைப்படி அதுதான் சரி. ஆனால் அன்று ராத்திரி கட்டுரையைக் கையில் எடுக்கவில்லை.

லாஸ்லோவுக்குத் தண்டனையைப் பற்றிக் கவலை இல்லை. போலீஸ் எழுதியிருந்ததில்தான் அவருக்கு மனசு நின்றது. "மேற்படி நபர் அரசியல் கருத்துகள் கூறிக்கொண்டிருந்தபோது" என்று போட்டிருந்தார்கள்.

"அரசியல் கருத்தாம்" என்றார். "வக்கீல், நான் ஊத்தினேன், ஒத்துக்கறேன். என்ன வேணா போடட்டும். ஆனா அவன் சொன்னதை, அவன் சொன்னபடியே, கோர்ட்ல எழுதணும். எங்க வீட்டாளுங்க பத்தி எந்த ஊர்லயும் எந்தக் கோர்ட்லயும் ஒரு வரி எழுதினதில்லை. நீங்க கிட்ட நின்னீங்க. நீங்க சொல்வீங்களா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இதற்கு நடுவில் மெல்போர்ன். ரயிலில் நான் சைவம் என்று சொன்னதைப் பணிப்பெண் அக்கறையாகக் குறித்துக்கொண்டு, கோழி கொண்டுவந்தாள். இது மாடு இல்லையே என்பது அவள் கட்சி. மெல்போர்னில் டிராம் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன். கண்டக்டர் அதைச் சொல்லாமல், கடைசி நிறுத்தம்வரை என்னிடம் கிரிக்கெட் பேசிக்கொண்டு வந்தார். இறங்கினால் கடற்கரை. ஒரு தெரு முழுக்கக் கேக் கடைகள், கண்ணாடிக்குப் பின்னால் கல்யாணச் சீர்வரிசை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கடையில் நுழைந்து பாலாடைக்கட்டிக் கேக் வாங்கினேன். கடைக்கார அம்மாள் போலந்திலிருந்து வந்த யூதர். பேச்சு எப்படியோ ஏணிக்காரன் பக்கம் போய்விட்டது. நான் பேசினால் அப்படித்தான் போகும்.

"இங்கயும் ரெண்டு பேர் இருக்காங்க" என்றார் அந்த அம்மாள், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "பேசட்டுமே. தெருவில பேசினா எனக்கு மூஞ்சி தெரியும். மூடி வெச்சா எந்த வீட்டுக்குள்ள இருக்கான்னு எப்படித் தெரியும்? இன்னொரு துண்டு வைக்கவா?"

இரண்டாவது துண்டைச் சாப்பிடும்போதே இதைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். மறுநாள் மாநாட்டில் வாசித்தபோது நல்ல கைதட்டல். எங்கள் நாட்டில் இரு பிரிவினரிடையே பகை மூட்டும் பேச்சைத் தண்டிக்க 153-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதை வைத்துப் பிடிக்க வேண்டியவனைத் தவிர மற்ற எல்லோரையும் பிடிப்பார்கள் என்றேன். சபை சிரித்தது. பேச்சுக்குப் பேச்சுதான் மருந்து என்று முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு நீதிபதி அம்மையார் எழுந்து, "உங்களைப் பற்றி யாராவது அப்படிப் பேசியிருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"தினமும். என் மனைவி" என்றேன். சபை இன்னும் பலமாகச் சிரித்தது. அவர் சிரிக்காமல் உட்கார்ந்துகொண்டார். சிட்னி திரும்பும் ரயிலில் எனக்கு அது மட்டும்தான் நினைவில் இருந்தது.

கோர்ட் நம் ஊர்க் கோர்ட் மாதிரி இல்லை. யாரும் வராந்தாவில் வெற்றிலை போடவில்லை, கூப்பிட்ட நேரத்துக்குக் கேஸ் எடுக்கிறார்கள். லாஸ்லோவுக்கு இலவசமாகக் கொடுத்த வக்கீல் தோள்வரை முடி வளர்த்த பையன். எங்கள் முன்சீப் பார்த்திருந்தால் முடி வெட்டிக்கொண்டு வரும்வரை வாய்தா போட்டிருப்பார். ஆனால் கெட்டிக்காரன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறோம், தண்டனையைக் குறைக்கும்படி கேட்கிறோம், ஆத்திரமூட்டப்பட்டார் என்று காட்ட ஒரு சாட்சி உண்டு என்றான். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சுருக்கமாக என்றார்.

கூண்டில் ஏறினேன். பதினைந்து வருஷமாகக் கூண்டுக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் உயரமாகத்தான் தெரிந்தது. சர்க்கார் தரப்பில் ஒரு போலீஸ் சார்ஜென்ட் எழுந்தார்.

"பானத்தை அவருக்குக் கொடுத்தது நீங்கள்தானே? நீங்கள் அவருடைய ஆதரவாளரா?"

"இல்லை. எங்கள் ஊரில் பேசுகிறவருக்கு சோடா கொடுப்பது வழக்கம். கட்சி பார்ப்பதில்லை."

"பேச்சு பிடிக்காவிட்டாலுமா?"

"பிடிக்காவிட்டால் பாட்டிலோடு எறிவார்கள். என் நண்பர் அதோடு ஒப்பிடும்போது மிகவும் நாகரிகமாக நடந்துகொண்டார்."

மாஜிஸ்திரேட்டே சிரித்துவிட்டார். நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது நீளமுடிப் பையன் கேட்டான்: "அந்த ஏணியிலிருந்து பேசியவர் என்ன சொன்னார்? அவருடைய வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்."

பாங்க்காரர்களில் ஆரம்பித்தேன். விலைவாசி. முகாம் கட்டுக்கதை. யாரும் சாகவில்லை. நாடகம். ஒரு பெண் தட்டச்சு இயந்திரத்தில் அடித்துக்கொண்டே வந்தார். என் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கே கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த லாஸ்லோ ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார், பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைச் சரிபார்க்கிற மாதிரி.

"அவ்வளவுதான்" என்றேன்.

லாஸ்லோ எழுந்து நின்றார். "ஐயா, இன்னும் ஒரு வரி இருக்கு."

உட்காரச் சொன்னார் மாஜிஸ்திரேட். லாஸ்லோ உட்காரவில்லை. என்னையே பார்த்தார். "அவருக்குத் தெரியும்" என்றார்.

தெரியும். வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த ஒன்பது வயதுக் குழந்தையின் அண்ணன் முன்னால் அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இன்னொரு வரி உண்டா?" என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

உண்டு என்றேன். சொன்னேன்.

"சத்தமாகச் சொல்லுங்கள். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை."

மைக் இல்லாமல் எங்கள் ஊர்க் காந்தி பார்க் முழுக்கக் கேட்கும் குரல் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து இரண்டாம் முறை சொன்னேன்: "முகாம்களில் அந்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டார்கள், அது ஒன்றுதான் குறை."

தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்தப் பெண் விரலை எழுத்துகள் மேல் வைத்தபடி மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மறுபடி சத்தம் கேட்டது, ஒரே ஒரு வரி நீளத்துக்கு.

"எழுதியாச்சா?" என்று கேட்டார் லாஸ்லோ.

"எழுதியாயிற்று" என்றார் மாஜிஸ்திரேட். லாஸ்லோ உட்கார்ந்தார்.

தீர்ப்பு ஐந்து நிமிஷத்தில் வந்தது. குற்றம் நிரூபணம், தண்டனை இல்லை. நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிபந்தனை: ஆறு மாதத்துக்கு டொமைன் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. ஏணிக்காரனுக்கு அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது, அவன் கோர்ட்டுக்கே வரவில்லை.

வாசல் படியில் அரசு சிகரெட் பற்றவைத்தான். "எங்கட நாட்டிலயும் முதல்ல இப்பிடிப் பேச்சுத்தான் மச்சான். அப்ப நாங்களும் சிரிச்சனாங்கள்" என்று மட்டும் சொன்னான்.

நான் லாஸ்லோவிடம் கேட்டேன்: "அவன் வாயை மூட ஒரு சட்டம் வேண்டும் என்கிறீர்களா?"

"மூடினா எனக்கு டொமைன் எதுக்கு?" என்றார். "ஆனா இன்னிக்குக் கூண்டுல நின்னது யாரு? நீங்க. உங்க குரல் இறங்கினதை நான் கேட்டேன். அவனை ஒரு தடவை அங்க நிறுத்தி, அதே வரியைச் சொல்லச் சொல்லி, சத்தமாச் சொல்லுன்னு ஒருத்தர் கேக்கணும். அதுக்கு எவ்வளவு சட்டம் வேணுமோ அவ்வளவு போதும்."

153-ஏ பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அப்படி ஒரு கூண்டைக் கட்டினால் நாளைக்கு அதில் யாரை ஏற்றுவார்கள் என்ற வாதம் என்னிடம் தயாராக இருந்தது. அது பொய்யான வாதம் இல்லை, அதை வைத்து எத்தனையோ பேரை வெளியே கொண்டுவந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

நான் கிளம்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமானம் சாயங்காலம்தான். வந்தவர் துறைமுகத்தைக்கூடப் பார்க்காமல் போவதா என்று லாஸ்லோ காரில் அழைத்துப் போனார். நகரத்துக்குள் நுழைந்து கொஞ்சம் போனதும், நேரே போகிற தெருவை விட்டுவிட்டு எங்கெங்கோ வளைத்து வளைத்து ஓட்டினார்.

"ஏன் சுத்துறியள்? நேர போனால் ரெண்டு நிமிஷம்" என்றான் அரசு.

"நேர போனா டொமைன் ஓரமாப் போகணும்."

"கால் வைக்கக் கூடாது என்றுதான் உத்தரவு" என்றேன் வக்கீலாக. "ரோட்டில் காரில் போகலாம். அதற்குத் தடையில்லை."

"போகலாம்" என்றார். "ஆனா மணி ரெண்டு ஆச்சு. அவன் ஏறியிருப்பான். காத்து இந்தப் பக்கம் அடிக்குது, காதுல விழுந்தா நான் இறங்கிடுவேன். கையெழுத்துப் போட்டிருக்கேன் இல்லையா?"

அந்த வெயிலில் தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, எங்களையும் ஏற்றச் சொன்னார். ஏற்றினோம்.